அவர் கேட்ட ஐஸ் தேத்தண்ணி

எங்கள் தோட்டத்தில் ஆறிப்போன தேத்தண்ணியை யாருக்கும் கொடுக்கமாட்டோம். கொடுத்தால் அது மரியாதை இல்லை. கேமரன் மலையில் விடியற்காலைப் பனி, வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் லைன் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். தகரக் குவளையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தால்தான் விரல் மடங்கும். விரல் மடங்கினால்தான் கொழுந்து கிள்ள முடியும். தேத்தண்ணி எங்களுக்குக் கையில் பிடிக்கிற அடுப்பு. தொண்டைக்குப் போவதெல்லாம் அப்புறம்தான்.

ஐஸ் என்பது கீழ்நாட்டுச் சாமான். நான் அதைக் கிட்டத்தில் பார்த்தது ரிங்லெட்டில் மீன் விற்கிற சீனரின் பெட்டியில்தான். மரத்தூள் ஒட்டி, மீன் கவிச்சி அடித்துக் கிடந்தது. இதைத் தேத்தண்ணியில் போட்டுக் குடிக்கிற மனுசர்கள் இருக்கிறார்கள் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஐஸ் தேத்தண்ணிதான். அதை என்னால் சரியாகப் போட்டுக் கொடுக்க முடிந்ததா இல்லையா என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அவருக்கு பெக்டரியில் வேலை, தேயிலை காய்கிற அடுப்புப் பக்கம். எனக்கு வெளிக்காட்டில் கொழுந்து. சாயங்காலம் நான் குளிரில் விறைத்து வருவேன். அவர் சட்டை நனைய வேர்த்து வருவார். "நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாக் கலக்குனா ஒரு நல்ல மனுசன் கெடைப்பான் புள்ள" என்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய அக்கா அதே லைனில் இரண்டு வீடு தள்ளி இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருசனைப் பறிகொடுத்தவர். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வாய் கொஞ்சம் நீளம்.

எண்பது பிறந்து ஓரிரண்டு வருசத்தில் அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நாளெல்லாம் நிற்கிற வேலை, அதனால்தான் என்று நினைத்தோம். அப்புறம் காலையில் முகம் ஊதிக் கண் சின்னதாகப் போனது. "என்னடா, அடுப்புல வெந்த ஆப்பம் மாதிரி இருக்க?" என்று அண்ணி கேலி செய்தார். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் கட்டைவிரலால் காலை அமுக்கிப் பார்த்தார். பள்ளம் விழுந்தது. விரலை எடுத்தும் பள்ளம் அப்படியே இருந்தது. டிரெசர் ஈப்போவுக்குக் கொண்டு போகச் சொன்னார்.

ஈப்போவில் எனக்கு முதலில் தெரிந்தது சூடுதான். வார்டில் காற்றாடி தலைக்கு மேலே சுற்றினாலும் வந்தது வெந்நீர் ஆவி மாதிரியான காற்று. இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்னதை, அங்கே நர்ஸாக இருந்த தமிழ் மிஸி எங்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். ரத்தத்தைக் கழுவுகிற மெஷின் கோலாலம்பூரில் இருக்கிறதாம். காத்திருக்கிறவர்கள் நிறையப் பேராம். எங்கள் முறை வரவே இல்லை.

மிஸி ஒரு சின்னக் கண்ணாடி கிளாஸைக் கொண்டுவந்து என் முன்னால் பிடித்தாள்.

"அக்கா, நல்லாப் பாத்துக்கங்க. ஒரு நாளைக்கு இவ்வளவுதான். இதுக்கு மேல போனா நெஞ்சுல தண்ணி கட்டிக்கும், மூச்சு விட முடியாது."

"கஞ்சி?" என்றேன். 

"கஞ்சியும் இதுலதான். மாத்திர முழுங்குற தண்ணியும் இதுலதான். கொழம்பு, ரசம் எல்லாமே."

அவர் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார். "ஐஸ்?"

"ஐஸ் மட்டும் என்ன அண்ணே, கல்லா? அதுவும் தண்ணிதான் லா."

அவர் ஐஸைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. வலப்பக்கக் கட்டிலில் ஒரு மலாய்க்காரர். அவர் மனைவியை நான் மலாயில் அத்தை என்கிற மாதிரி மக்சிக் என்று கூப்பிடுவேன். அந்தம்மா வீட்டிலிருந்து பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருவார். செங்கல் நிறத்தில் இருக்கும், டின்பால் அவ்வளவு. கேன்டினில் ஐஸ் வாங்கி, கிளாஸ் முட்டக் குவித்து, அதன் மேல் சூட்டோடு ஊற்றி, நீளக் கரண்டியால் கடகடவென்று கலக்குவார். வார்டு முழுக்க எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். "மினும் லா, அடிக்", குடி தங்கச்சி என்று, எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார். குடித்தேன். பாயசத்தைப் பனியில் வைத்த மாதிரி இருந்தது.

இடப்பக்கம் ஒரு சீனக் கிழவர். அவர் மகள் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிவருவாள். ராபியா கயிறு போட்டு, ஸ்ட்ரோ குத்தி, கட்டில் கம்பியில் தொங்கவிடுவாள். அவர்களுக்கு அது தே பெங். நாக்கு வறண்டுபோகிற அளவுக்குக் கடுப்பான சாயம், மேலே இனிப்பில்லாத டின்பால், பொடிப் பொடியாக உடைத்த ஐஸ். மிஸி கடலோரத் தென்னந்தோட்டத்துப் பெண். அவளுக்கு இரண்டுமே பிடிக்காது. "பாலும் ஐஸும் சேந்தா சளி பிடிக்கும்க்கா" என்பாள். சாயத்தைத் தானாக ஆறவிட்டு, எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, அப்புறம்தான் ஐஸ். அவள் ஊரில் வெயிலில் தேங்காய் உரிக்கிறவர்கள் அப்படித்தான் குடிப்பார்களாம்.

ஒரே தேயிலையில் மூன்று ஜாதி. நாங்கள் கிள்ளி, அவர் காயவைத்து, கீழே அனுப்புகிற தேயிலைக்கு இத்தனை வேசம் இருக்கிறது என்று அதுவரை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் நான் துணி அலசப் போய்விட்டு வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. ஈரமான உதட்டை நாக்கால் தடவிக்கொண்டிருந்தார்.

"புள்ள, ஒரு தேத்தண்ணி குடிச்சேன்."

"யார் குடுத்தா?"

"தெரியல. கண்ண மூடிக் கெடந்தேன். வாயில ஸ்ட்ரோவா, கிளாஸான்னுகூடத் தெரியல. ஐஸு போட்டு... என்னா தேத்தண்ணி புள்ள அது!"

காய்ச்சல் வேறு அவருக்கு அன்றைக்கு. மக்சிக்கைப் பார்த்தேன், அவர் தலையாட்டினார், இல்லை என்று. சீனக் கிழவரின் மகள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸியிடம் கேட்கவே முடியாது. அளவுக்கு மேல் கொடுத்தது தெரிந்தால் யாருக்கும் வம்பு. தாகத்தில் கிடக்கிற மனுசனைப் பார்த்துப் பொறுக்காமல் யாரோ கொடுத்திருக்கிறார்கள். யார் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வாரமே மலாய்க்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீனக் கிழவர் இறந்துபோனார். மிஸி வேறு வார்டுக்குப் போய்விட்டாள். எங்களையும் மலைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

டாக்சி ரிங்லெட் தாண்டி மேலே ஏறினதும் பனி வந்து கண்ணாடியை மூடியது. "அப்பாடா, இங்க குளிரு. தாகம் எடுக்காது புள்ள" என்றார். எடுத்தது. கீழே இருந்ததைவிட அதிகமாக எடுத்தது.

எங்கள் மலையில் தண்ணிக்கு என்ன பஞ்சம்? லைனுக்குப் பின்னால் ஓடை. கூரைத் தகரத்தில் மழை. சுவரில் கசிவு. காலையில் செடியைத் தொட்டால் இடுப்பு வரைக்கும் நனையும். ராத்திரி பகலாகத் தண்ணி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அந்த மனுசர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டக் கிடந்தார். சாமி யாருக்கும் அப்படி ஒரு தண்டனை கொடுக்கக் கூடாது.

மிஸி காட்டின அதே அளவில் ஒரு கிளாஸ் தேடி வாங்கினேன். காலையில் அதில் தண்ணி நிரப்பி வைப்பேன். மாத்திரைக்கு அதிலிருந்து இரண்டு மூன்று கரண்டி. கஞ்சியைக் களி மாதிரி கிண்டி, அதற்குக் கொஞ்சம் கழிப்பேன். மிச்சம் பாதிக் கிளாஸ் தேறும். அதுதான் அவருக்குத் தேத்தண்ணி.

"கங்காணி கொழுந்து நிறுக்குற மாதிரி நிறுக்குறியே புள்ள."

"நான் கங்காணின்னா நீங்க யாரு?"

"ஈரக் கொழுந்துக்குத் தண்ணின்னு சொல்லி நிறுவையில கழிப்பாங்கல்ல? அந்தக் கழிச்ச தண்ணி நானு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். 

சூடாகக் கொடுத்தால் வேண்டாம் என்றார். "சூடு குடிச்சா குடிச்ச மாதிரியே இல்ல. ஆஸ்பத்திரில குடிச்சேனே, அது மாதிரி ஒரே ஒரு தடவ போட்டுக் குடு. அது போதும் எனக்கு."

எது மாதிரி? மூன்று ஜாதியில் எது? அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போட முடியும். தப்பாகப் போனால் அவருடைய அன்றைய தண்ணி முழுவதும் தப்பாகப் போனதுதான். 

லைனில் யாரிடமும் பிரிட்ஜ் கிடையாது. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியார் வீட்டில்தான் இருந்தது. நான் போய் ஒன்று கேட்கிற ஆள் இல்லை. விடியற்காலை ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால்கூட கையைத் தூக்குவேன், வாயைத் திறக்கமாட்டேன். அன்றைக்குக் கிராணியார் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றேன். நாய் குரைத்தது. கிராணியம்மா எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா? ஏன் மழையில நிக்கிற? மேல ஏறி வா."

நான் ஏறவில்லை.

"என்ன வேணும்? கிராணியார் ஆபீசுலல்ல இருக்காரு."

"ஐஸ்."

"ஐஸா? இந்தக் குளிர்லயா? யாருக்கு?"

"அவருக்கு."

அந்தம்மாவுக்கு முகம் மாறிப்போனது. உள்ளே போய் அலுமினியத் தட்டோடு அப்படியே எடுத்துவந்து கையில் கொடுத்தார். "வேணுங்கும்போது வா. ஐஸ் கேக்க என்ன வெக்கம்?" என்றார். கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தேன். வந்த பிறகு அந்தக் கட்டிகளைத் தட்டிலிருந்து எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. அம்மிமேல் தட்டினேன். வரவில்லை. விரல் வேறு தட்டில் ஒட்டிக்கொண்டது. அவர் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணில முக்கு புள்ள. நான்தான் குடிக்கக் கூடாது. தட்டு குளிக்கலாம்ல?"

முதல் நாள் மக்சிக் மாதிரி போட்டேன். தூளைக் கறுக்கக் கொதிக்கவைத்து, டின்பாலைத் தாராளமாக விட்டு, சூட்டோடு ஐஸ் மேல் ஊற்றினேன். மக்சிக் ஐஸை மலையாகக் குவிப்பார். அவருக்கு அளவு கிடையாது. எனக்கு அளவு உண்டு. ஒரு கட்டி கரைந்தால் எவ்வளவு தண்ணி என்று அடுப்போரம் வைத்துப் பார்த்து இரண்டே கட்டிதான் போட்டேன். சூடு பட்டதும் அந்த இரண்டு கட்டியும் கண் முன்னாலேயே காணாமல் போனது. மிஞ்சியது வெதுவெதுப்பான டின்பால் தண்ணி. அவர் குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டினார்.

"இது இல்ல புள்ள."

அடுத்த தடவை முதலிலேயே ஆறவிட்டேன். எங்கள் ஊரில் அதற்கென்ன, சன்னலில் வைத்தால் தானாக ஆறும். சீனக் கடை மாதிரி கடுப்பான சாயம், இனிப்பில்லாத பால், துணியில் சுற்றி உடைத்த ஐஸ். இப்போது ஐஸ் கரையவே இல்லை. கூழாங்கல் மாதிரி அடியில் கிடந்தது. கீழே ஏன் அவ்வளவு சாயம் இறக்குகிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அங்கே வெயிலில் கிளாஸை வாய்க்குக் கொண்டு போவதற்குள் ஐஸ் பாதி கரைந்து சாயத்தைத் தண்ணியாக்கிவிடும். அந்தக் கரைசலையும் சேர்த்துத்தான் அவர்கள் கணக்கு. எங்கள் குளிரில் அந்தக் கணக்கு செல்லாது. கசப்பு கசப்பாகவே நின்றது. அவர் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இது இல்ல. அதுல குடிச்சதுக்குப் பொறவு பின்னால ஒரு வாசன வந்துச்சு."

"என்ன வாசன?"

"சொல்லத் தெரியலயே. நல்ல வாசன."

இப்போதெல்லாம் கியா பார்ம் பக்கம் போனால் ரோட்டோரக் கடையில் நீள நீளமான பிளாஸ்டிக் கோப்பையில் ஐஸ் தேத்தண்ணி விற்கிறார்கள். ஊர் பார்க்க வந்த பிள்ளைகள் பல் கிட்டக் கிட்டக் குடிக்கிறார்கள். ஸ்ட்ராபெரி போட்டு, புதினா போட்டு, என்னென்னமோ போட்டு. நான் பக்கத்தில் போய் நின்று வாசனை பிடித்துப் பார்ப்பேன். கடைக்காரப் பையன் "பாட்டி, வேணுமா?" என்பான். வேண்டாம் என்று வந்துவிடுவேன்.

வாசனை என்றதும் எனக்கு மிஸியின் எலுமிச்சை ஞாபகம் வந்தது. அதுதான், அதுவேதான் என்று மனசுக்குள் அடித்துச் சொன்னேன். எலுமிச்சை தேடி ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட் போய் வாங்கி வந்தேன். திங்கட்கிழமை விடியற்காலையில் சாயம் இறக்கி ஆறவைத்தேன். உப்பு அவருக்கு ஆகாது, போடவில்லை. மூடி வைத்துவிட்டுக் காட்டுக்குப் போனேன். அன்றைக்கு அரைநாளோடு வேலை விட்டதும் கிராணியம்மாவிடம் ஐஸ் வாங்கி, எலுமிச்சை பிழிந்து, ஐஸைப் போட்டு, அவர் தூங்கிக்கொண்டிருந்ததால் தலைமாட்டில் வைத்தேன். எழுந்ததும் கொடுக்கலாம் என்று குழாயடிக்குத் துணியோடு போனேன். அண்ணி உள்ளே இருந்தார், பார்த்துக்கொள்வார் என்ற தைரியம்.

திரும்பி வந்தால் அடுப்பில் சின்னச் சட்டி. அண்ணி கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். எலுமிச்சை வாசனை வீடு முழுக்க.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேன்னா கேக்குற? நோவாளிக்கு ஐஸத் தண்ணி வெச்சிட்டுப் போயிருக்க. ஜன்னி வந்து இழுத்துக்கவா? தொட்டுப் பாத்தேன், ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. அதான் சூடு பண்றேன்."

துணி வாளியைக் கீழே வைத்தேன்.

"ஆறுன தேத்தண்ணிய யாருக்கு வெப்போம்? படையல்லதான வெப்போம்? செத்தவங்கதான் ஆவி அடங்குன பொறவு வந்து குடிப்பாங்க. எந்தம்பி உசுரோட இருக்கான்டி. உசுரோட இருக்குறவனுக்கு நீ படையல் தண்ணி குடுப்பியா?"

அண்ணி சொன்னதில் பொய் இல்லை. எங்கள் லைனில் வழக்கம் அதுதான். இறந்தவருக்குப் படைக்கும்போது அவர் குடித்த குவளையிலேயே தேத்தண்ணி வைத்து, ஆவி போய் ஆறுகிற வரைக்கும் எல்லோரும் வெளியே நிற்போம். அப்புறம் அதை எடுத்துச் செடி மூட்டில் ஊற்றிவிடுவோம். ஆறின தேத்தண்ணி அவர்களுக்கு உரியது. அதை உயிரோடு இருக்கிறவர் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறதைப் பார்க்க அண்ணிக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட எனக்கு மனசு வரவில்லை.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அக்கா, ஐஸ வறுத்துட்டியா?"

"வறுக்கலடா. காய்ச்சிருக்கேன். குடி. நெஞ்சுக்கு எதமா இருக்கும்."

குடித்தார். வேறு வழி? அன்றைய தண்ணி அதுதான். சூட்டில் எலுமிச்சை கசந்துபோயிருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் குடித்து முடித்து, "நல்லாருக்குக்கா" என்றார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். இன்னொரு நாள் மறுபடியும் எலுமிச்சை போட்டுச் சரியாகக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

மூன்றும் இல்லை. தூளைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். வாசனைக்குப் பண்டான் இலை ஒன்று போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அவருடைய ஒரு நாள் போனது. எங்களுக்குத் தோட்டத்தில் கொடுக்கிற தூள் வேறு, கீழே கடைக்குப் போகிற தூள் வேறோ என்று ஒரு சந்தேகம் வந்தது. தண்ணியும் வேறு. ஓடைத் தண்ணியில் இறக்குகிற சாயத்துக்கும் குழாய்த் தண்ணிச் சாயத்துக்கும் நிறமே மாறுமே. அப்படியென்றால் நான் இங்கே இருந்து என்ன செய்தாலும் அது வராது. கீழே போட்டதைக் கீழேயிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

அதற்குள் அவர் ரொம்பத் தளர்ந்துவிட்டார். விக்கல் ஓயாது. தோல் அரிக்கும். பேசிக்கொண்டே இருக்கும்போது தூங்கிப்போவார். விழித்தால் முதல் பார்வை அந்தக் கிளாஸ் மேல்தான் போகும். இனி நாள் அதிகம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு வாயாவது அவருக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி பிடித்தது எனக்கு.

அண்ணியை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, வேலைக்குப் போகாமல், முதல் பஸ்ஸில் தாப்பாவுக்கு இறங்கினேன். தனியாகக் கீழே போனது அதுதான் முதல் தடவை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சீனக் காப்பிக் கடை. உள்ளே போய் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடை முதலாளித் தோக்கே கொஞ்சம் தமிழ் பேசுவார்.

"என்னா வேணும், தங்கச்சி?"

பக்கத்து மேசையில் ஒருவர் குடித்துக்கொண்டிருந்த ஐஸ் தேத்தண்ணியைக் கையால் காட்டினேன்.

"தே பெங். இங்க குடிக்கிறதா, பொங்குஸா?"

"கட்டிக் குடுங்க."

"எங்க போற நீ?"

"மலைக்கு."

"ஐயோ, மலையில ஏன் தே பெங்? அங்க காத்தே ஐஸ் லா!" என்று கடையே கேட்கச் சிரித்தார். நான் குனிந்துகொண்டேன். சீக்காளிக்கு என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். பையைத் திரும்ப அவிழ்த்து இன்னும் இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டார். "ஓடு, ஓடு. பஸ் கெளம்புது. கரைஞ்சா டேஸ்ட் எல்லாம் போச்சு."

பையை மடியில் வைத்து, மேலே சால்வை போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முந்தானை நனைந்தது. தொடை மரத்தது. எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் சால்வையை விலக்கிப் பார்ப்பேன். ஐஸ் இருந்தது. குளிர் ஏற ஏற இனி கரையாது, கொண்டு போய்ச் சேர்த்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் பஸ் நின்றது. முன்னால் வரிசையாக லாரிகள். மேலே மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது.

எல்லோரும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். "இன்னிக்கி எடுத்த மாதிரிதான்" என்றார் ஒருவர். "இந்த மலை என்னிக்கி நம்மள நேரா வீட்டுக்கு விட்டிருக்கு?" என்றார் ஒரு அம்மா. என்னைப் பார்த்து, "ஏம்மா, அதக் குடிச்சிட்டாவது ஒக்காரு, வீணாப் போகுதே" என்றார். மாட்டேன் என்று தலையாட்டினேன். மண்ணை வெட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மடியில் அது கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய துண்டுகள் சின்னதாயின. சின்னவை உளுந்தளவு ஆயின. அப்புறம் பைக்குள் ஒன்றுமே தட்டுப்படவில்லை. என் கைச் சூடே அதை இன்னும் கரைக்கிறதோ என்று கையை எடுத்தேன். எடுத்தால் பை சாய்ந்தது. மறுபடியும் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பையில் இருந்தது துவைத்த துணியைப் பிழிந்த மாதிரி ஒரு தண்ணி. பால் ஒரு பக்கம், சாயம் ஒரு பக்கம். ஐஸுக்குக் கிராணியம்மாவிடம் ஓடலாம் என்றால், அவர்கள் வீட்டில் யாரும் இல்லை, பள்ளிக்கூட லீவுக்குக் கீழே போயிருந்தார்கள். அண்ணி என் புடவை நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கிளாஸை அவரே எடுத்துக் கொடுத்தார். காலையிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு சொட்டும் குடிக்கவில்லையாம். நான் கொண்டுவருவதைக் குடிக்க அன்றைய அளவு மொத்தத்தையும் மிச்சம் வைத்திருந்தாராம்.

ஊற்றினேன். அளவு வரைக்கும்தான் ஊற்றினேன். தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் வைத்தேன். மருந்தைக் குடிக்கிற மாதிரி மடமடவென்று குடித்தார். வாயில் வைத்து ருசி பார்க்கவில்லை. வாசனை வருகிறதா என்று காத்திருக்கவில்லை. குடித்து முடித்து என்னைப் பார்த்தார்.

"இதேதான் புள்ள."

"நெசமாவா?"

"இதேதான். ஆஸ்பத்திரில குடிச்சது இதுதான். கண்டுபிடிச்சிட்டியே நீ."

அண்ணி அழுதுவிட்டார். "கெடச்சிருச்சுல்ல? அம்மா தாயே, கெடச்சிருச்சுல்ல?" என்று சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடியில் மிஞ்சியிருந்ததை அப்புறம் நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதில் ஒரு ருசியும் இல்லை. ஒரு வாசனையும் இல்லை. அவர் எனக்குப் பொய் சொன்னது அது ஒரு தடவைதான். திட்டியிருக்கலாம். இது இல்லை என்று கிளாஸைத் தள்ளிவிட்டிருக்கலாம். நாளைக்கு வேறு மாதிரி போடு என்று சொல்லியிருந்தால் நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் தாப்பாவுக்கு இறங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் ஐஸ் தேத்தண்ணி கேட்கவில்லை. எதையுமே கேட்கவில்லை. காலையில் எழுந்து கிளாஸில் தண்ணி நிரப்புவேன். மாத்திரைக்குக் கழிப்பேன், கஞ்சிக்குக் கழிப்பேன், மிச்சத்தில் தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோவேன். "என்ன மாதிரி வேணும்?" என்று கேட்பேன். "எதுன்னாலும் சரி புள்ள" என்பார். ஒரு வாய் குடிப்பார். "போதும்" என்பார். ஒரு கிளாஸ் பத்தாது, பத்தாது என்று அத்தனை நாள் தவித்த வீட்டில் தினமும் தண்ணி மிச்சம் விழ ஆரம்பித்தது. அப்படி விழுந்த முதல் நாள் அந்த மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே ஊற்றவும் மனசில்லாமல், மறுபடியும் அவர் வாயில் வைக்கவும் தைரியம் இல்லாமல், கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.